துணியை முதல்ல தைச்சிடறாங்க, பொண்ணை அப்புறம் தேடறாங்க

மாடல் பொண்ணுங்க ஏன் பட்டினி கிடக்கிறாங்கன்னு சொல்ல, நான் என் வேலையில இருந்துதான் ஆரம்பிக்கணும். திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா, அதாவது பையரோட ஆர்டரை ஃபேக்டரியில முடிச்சுக் கொடுக்கிற ஆளா, இருந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, ஆர்டர் வந்ததும் முதல் ஓட்டம் சாம்பிளுக்குத்தான். பையர்கிட்ட இருந்து டெக் பேக்னு டிசைன் விவரமெல்லாம் அடங்கின ஃபைல் வரும், அதுல மெஷர்மென்ட் சார்ட் இருக்கும், பேட்டர்ன் மாஸ்டர் அதை வெச்சு பேட்டர்ன் போடுவார், சாம்பிள் டெய்லர் தைப்பார், கூரியர்ல அனுப்புவோம், அங்க ஒரு ஆளுக்கோ டம்மிக்கோ போட்டுப் பார்த்துட்டு கமெண்ட்ஸ் அடிப்பாங்க. தோள் ஒரு சென்டிமீட்டர் குறைங்க, கழுத்து இறங்குது, ஆர்ம்ஹோல் இறுக்குது, திரும்பத் தைச்சு அனுப்புங்க. அது ஓகே ஆனப்புறம்தான் மத்த சைஸெல்லாம் கிரேடிங் பண்ணுவோம். நடுவுல ஒரு சைஸ், அதுல இருந்து மேலயும் கீழயும். எரிச்சல் பிடிச்ச வேலைதான், ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கு. உடம்புக்குத் துணி சேரலைன்னா துணியைத்தான் பிரிப்போம்.

ஒரு தடவை ஒரு வெளிநாட்டு பையர், ஷோவுக்குத் தைச்ச டிரஸ் ஒண்ணை ரெஃபரன்ஸ் பீஸா அனுப்பியிருந்தாங்க, இதே லுக்ல நிட்ல பண்ணித் தர முடியுமான்னு கேட்டு. எங்க மாஸ்டர் அதை டேபிள்ல விரிச்சு டேப் வெச்சு அளந்துட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, திரும்ப அளந்தார். "ஏனுங் அம்மணி, இது சின்னப் புள்ளைங்க சைஸுங்களா? லேபிள் மாத்தி அடிச்சுட்டாங்களாட்ட இருக்குது, ஒரு மெயில் போட்டுக் கேட்டுருங்க"ன்னார். ரூம்ல இருந்த லேடீஸ் டம்மி எதுக்கும் அது ஏறல. நானும் மெயில் போட்டேன். லேபிள் சரிதான், அது ரன்வே சைஸ், அதாவது ஷோ மேடையில நடக்கிற மாடலுக்குத் தைக்கிற சைஸ்னு பதில் வந்துச்சு. டிரஸ்ஸோட நீளம் அஞ்சடி ஒன்பது அங்குலப் பொண்ணுக்கு, இடுப்பு எட்டாங்கிளாஸ் பொண்ணுக்கு. அப்படி ஒரு உடம்பு எங்க இருக்கும்னு மாஸ்டர் கேட்டார், என்கிட்ட பதில் இல்ல.

மாடல் பொண்ணுங்க பட்டினி கிடந்து சாகறதைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் கண்ணாடி முன்னாடி நிக்கிற பொண்ணுகிட்ட இருந்து ஆரம்பிக்கிறாங்க, அழகு மேல பைத்தியம், தன்னம்பிக்கை இல்லை, இன்ஸ்டாகிராம் கெடுத்துடுச்சுன்னு. நான் துணிக்காரி, எனக்கு இது டேபிள் மேல கிடந்த அந்த டிரஸ்ல இருந்துதான் ஆரம்பிக்குது. பெரிய டிசைன் ஹவுஸ்ல ஒரு கலெக்‌ஷனுக்கு ஒவ்வொரு டிரஸ்ஸும் பெரும்பாலும் ஒரே ஒரு பீஸ்தான் தைக்கிறாங்க, ஒரே ஒரு சைஸ்ல. அதே பீஸ்தான் ஷோவுக்குப் போகும், அப்புறம் பத்திரிகை ஷூட்டுக்குப் போகும், விளம்பரத்துக்குப் போகும். பொண்ணைத் தேடற வேலை துணி தைச்சு முடிச்சப்புறம்தான் நடக்குது. சேரலைன்னா துணியைப் பிரிக்க நேரமும் இல்ல, மனசும் இல்ல, வெளியில வரிசையில இன்னும் நாப்பது பொண்ணுங்க நிக்கிறாங்க.

இதை நானா கிளப்பிவிடல. பிரிட்டிஷ் வோக் பத்திரிகைக்கு ரொம்ப வருஷம் எடிட்டரா இருந்த அலெக்சாண்ட்ரா ஷுல்மன் 2009ல பெரிய பெரிய டிசைனர்களுக்கு ஒரு லெட்டர் எழுதினாங்க, அது வெளியில கசிஞ்சு பேப்பர்ல வந்துச்சு. விஷயம் என்னன்னா, நீங்க அனுப்பற சாம்பிள் வர வர ரொம்பச் சின்னதா ஆயிட்டே போகுது, அதுக்குள்ள நுழையற பொண்ணுங்கன்னா எலும்பு துருத்திட்டு இருக்கிற பொண்ணுங்களைத்தான் நாங்க கூப்பிட வேண்டியிருக்கு, போட்டோவுல அவங்களைக் கொஞ்சம் சதை போட்ட மாதிரி காட்ட நாங்க ரீடச் பண்ண வேண்டியிருக்கு. வோக் எடிட்டரே சொல்றாங்க! போட்டோஷாப்னா ஒல்லியாக்கறதுன்னு நாம நினைச்சுட்டிருக்கோம், அங்க உள்ளுக்குள்ள குண்டாக்கிட்டு இருந்திருக்காங்க, விலா எலும்பை மறைக்க.

இன்னொரு பக்கம் கார்ல் லாகர்ஃபெல்ட், சனெல் கம்பெனியோட பெரிய டிசைனரா இருந்தவர். அறுபது வயசு தாண்டின மனுசன், ஹெடி ஸ்லிமான்னு ஒருத்தர் டியோர் கம்பெனியோட ஆம்பளைங்க பிரிவுக்குத் தைச்ச ஒல்லி ஒல்லி சூட்டைத் தானும் போடணும்னு ஆசைப்பட்டு ஏறத்தாழ 42 கிலோ எடை குறைச்சார். ஊருக்கே துணி தைச்சுக் கொடுக்கிற ஆள், அளவு எடுத்துத் தைக்க ஆயிரம் கை இருக்கிற ஆள், அவரே துணியை விட்டுட்டு உடம்பைத்தான் ஆல்டர் பண்ணிக்கிட்டார். அப்ப பதினஞ்சு வயசுல ஊரு பேரு தெரியாத இடத்துல இருந்து வந்த பொண்ணு என்ன பண்ணும்?

அந்தப் பொண்ணை முதல்ல சந்திக்கிறது இஞ்ச் டேப். ஏஜென்சியில மாரு, இடுப்பு, கீழ்இடுப்புன்னு மூணு அளவு எடுத்து கார்டுல அச்சடிச்சிடுவாங்க. கீழ்இடுப்புன்னு நான் சொல்றது ஹிப்பை, அதுதான் தலையெழுத்து, 34, 35 அங்குலம் தாண்டினா ராம்ப்ல வேலை கிடைக்கிறது கஷ்டம். பதினாலு பதினஞ்சு வயசுல அந்த அளவு நிறையப் பொண்ணுங்களுக்கு இயல்பாவே இருக்கும், உயரமா வேற இருந்தா ஸ்கவுட், அதாவது மாடலிங்குக்கு ஆள் தேடறவங்க, கண்ணுல விழுந்துடும். பெரிய மாடலா ஆன கேட் மாஸை நியூயார்க் ஏர்போர்ட்ல 1988ல பார்த்துப் பிடிச்சப்ப வயசு 14. பிரச்சனை பதினேழு பதினெட்டுல வருது, ஏன்னா அப்பவும் இடுப்பெலும்பு விரிஞ்சுட்டே இருக்கு, பெரியவளா ஆகற உடம்பு. எலும்பு விரியறதை எந்த டயட்டாலயும் நிறுத்த முடியாது, மேல இருக்கிற சதையைத்தான் கரைக்க முடியும், அதைக் கரைச்சும் டேப்ல அரை இன்ச் குறையலைன்னா இன்னும் கரைக்கணும். வளர்றதே வேலைக்கு வேட்டு வைக்குது.

2006 ஆகஸ்ட் 2, உருகுவே நாட்டுத் தலைநகர் மோண்டேவீடியோ. லுய்செல் ராமோஸ்னு 22 வயசுப் பொண்ணு ஃபேஷன் ஷோல நடந்துட்டு உள்ள வந்த கொஞ்ச நேரத்துல விழுந்து இறந்துட்டா, ஹார்ட் நின்னுபோச்சு. உயரம் 1.75 மீட்டர், எடை 44 கிலோ சொச்சம். பல நாளா சாப்பிடலைன்னு அப்பா போலீஸ்கிட்ட சொன்னார், அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல கீரை இலையும் டயட் கோக்கும்தான்னு செய்தி வந்துச்சு. அவளோட தங்கச்சி எலியானா, அவளும் மாடல்தான், ஆறே மாசத்துல 2007 பிப்ரவரியில தாத்தா பாட்டி வீட்ல இறந்து கிடந்தா, வயசு 18. நடுவுல 2006 நவம்பர்ல பிரேசில்ல ஆனா கரோலினா ரெஸ்டன், 21 வயசு, 1.72 மீட்டர் உயரத்துக்கு 40 கிலோ. இந்தப் பொண்ணை 2004ல சீனாவுக்கு வேலைக்கு அனுப்பினப்ப அங்க காஸ்டிங்ல 'குண்டா இருக்க'ன்னு சொல்லியிருக்காங்க. கடைசியா ஆப்பிளும் தக்காளியும்தான் சாப்பிட்டிட்டு இருந்தா. சம்பாதிச்சு வீட்டைத் தூக்கி நிறுத்தணும்னு போன பொண்ணு.

அந்த ஏழு மாசத்துல மூணு சாவு. மூணுமே பணக்கார வீட்டுப் பொண்ணுங்க கொழுப்பெடுத்து டயட் இருந்த கதை இல்ல, வேலையோட சேர்ந்து வந்த சாவு. நம்ம ஊர்ல டையிங் யூனிட் தொட்டியில இறங்கி விஷவாயு தாக்கி ஆள் செத்தா யாராவது 'அவனுக்கு மனசுல ஏதோ பிரச்சனை'ன்னு சொல்வாங்களா?

இதுல மனசுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரல. பட்டினி ஆரம்பிக்கிறது டேப்புக்காக இருக்கலாம், அதுக்கப்புறம் பட்டினியே மூளையைப் பிடிச்சுக்குது. இதைப் பத்திப் படிச்சதுல என்னைத் தூங்கவிடாத விஷயம், இரண்டாம் உலகப்போர் கடைசியில மினசோட்டா யுனிவர்சிட்டியில ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி பண்ண சோதனை. போருக்குப் போக மாட்டோம்னு மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள், எல்லாரும் ஆம்பளைங்க, எல்லாரும் நல்ல ஆரோக்கியம், தாங்களா முன்வந்தவங்க. ஐரோப்பாவுல பட்டினியில கிடக்கிற ஜனங்களுக்கு எப்படி சாப்பாடு கொடுத்து மீட்கிறதுன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்கு இவங்க முதல்ல பட்டினி கிடக்கணும். 1945ல 24 வாரம், வழக்கமா சாப்பிடறதுல ஏறக்குறைய பாதி, அதோட வாரத்துக்கு 22 மைல் நடை. எடையில கால்வாசி போச்சு.

எடை போனதை விட நடந்த கூத்துதான் முக்கியம். சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பே இல்ல. சமையல் புத்தகம் வாங்கி சேர்க்க ஆரம்பிச்சாங்க, அடுப்பு பக்கமே போகாத பசங்க. தட்டை நக்கினாங்க, கொஞ்சூண்டு சாப்பாட்டை ரெண்டு மணி நேரம் வெச்சு வெச்சு சாப்பிட்டாங்க, தண்ணி ஊத்திப் பெருக்கினாங்க, சூயிங்கம் பாக்கெட் பாக்கெட்டா மென்னாங்க, ஒருத்தரோட ஒருத்தர் பேசறதை விட்டாங்க, குளிருதுன்னாங்க, எரிஞ்சு விழுந்தாங்க, ஒருத்தர் கோடாலியால தன் விரலையே வெட்டிக்கிட்டார், வேணும்னே பண்ணேனா தெரியாம நடந்துச்சான்னு அவருக்கே சொல்லத் தெரியல. இவங்க யாருக்கும் ஒல்லியாகணும்னு ஆசை இல்ல, கண்ணாடி பார்த்து அழல, ஃபேஷன் பத்திரிகை படிக்கல. வெறும் பட்டினிதான் இவ்வளவையும் பண்ணுச்சு. அனோரெக்ஸியான்னு, எடை கூடிடும்ங்கிற பயத்துல சாப்பிடாமலே கிடக்க வைக்கிற மனநோய் வந்த பொண்ணைப் பத்தி வீட்ல சொல்ற புகார் எல்லாமே இந்த லிஸ்ட்ல இருக்கு பாருங்க: யூட்யூப்ல சமையல் வீடியோவா பார்க்கிறா, எல்லாருக்கும் கேக் பண்ணிக் கொடுக்கிறா தான் தொட மாட்டேங்கிறா, இட்லியைப் பத்து துண்டா வெட்டறா, ஃபிரெண்ட்ஸ்கூட பேச மாட்டேங்கிறா, மே மாசத்துலயும் ஸ்வெட்டர். இதைத் திமிருன்னு நினைச்சு அடிக்கக்கூட செய்யறாங்க.

உடம்புக்குள்ள நடக்கிறது இன்னும் கொடுமை. அடுப்புக்கு விறகு தீர்ந்ததும் கூரையைப் பிரிச்சு எரிக்கிற மாதிரி, கொழுப்பு தீர்ந்ததும் தசையை எடுக்கும், இதயமும் தசைதானே, அதுவும் சுருங்கும். நாடித்துடிப்பு நாப்பதுக்கு இறங்கும், மாசவிலக்கு நிக்கும், எலும்பு இருபது வயசுலயே பாட்டி எலும்பா பொரபொரன்னு ஆகும், குளிரைத் தாங்க உடம்பெல்லாம் பூனை முடி முளைக்கும். வாந்தி எடுக்கிற பழக்கமும் சேர்ந்துச்சுன்னா ரத்தத்துல பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தாளம் தப்பும், அப்படியே நின்னும் போகும், முந்தின நாள் வரைக்கும் நல்லா நடமாடின ஆளுக்குக்கூட. மனநல நோய்கள்லயே உயிரைக் குடிக்கிறதுல முன்வரிசையில இருக்கிறது இந்த அனோரெக்ஸியா.

இன்னொண்ணு, நம்ம அம்மாக்களுக்காக சொல்றேன். அப்படி எலும்பும் தோலுமா ஆன பிள்ளையைப் பிடிச்சு உட்கார வெச்சு நெய்யும் பருப்பும் போட்டு ஊட்டித் தேத்திடலாம்னு கிளம்பாதீங்க. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள்ள திடீர்னு சாப்பாடு போனா ரத்தத்துல பாஸ்பேட் சடார்னு இறங்கி ஹார்ட் நிக்கற அபாயம் இருக்கு. போர் முடிஞ்சு கைதி முகாம்ல இருந்து மீட்ட ஆளுங்க சாப்பிட ஆரம்பிச்சப்புறம் செத்ததுலதான் டாக்டர்கள் இதைக் கவனிச்சாங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பண்ணி அளந்து அளந்து கொடுக்கிற சமாச்சாரம் இது. யாரைக் கேட்கிறதுன்னே தெரியலைன்னா 14416க்கு அடிங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நாடி இறங்கிடுச்சு, மயங்கி மயங்கி விழறான்னா போன் எல்லாம் வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்கு.

ஒல்லியா இருக்கிற எல்லாரும் நோயாளி இல்ல, மாடலிங் போற எல்லாருக்கும் இது வர்றதும் இல்ல, ஜீன்லயும் கொஞ்சம் இருக்குங்கறாங்க, பயந்த சுபாவம், எதையும் பிசிறில்லாம பண்ணணும்ங்கிற சுபாவம் உள்ள பிள்ளைங்களுக்கு சீக்கிரம் பிடிக்குதுங்கறாங்க. சரி. ஆனா அப்படிப்பட்ட பிள்ளைங்களைத்தான் இந்தத் தொழில் வலை போட்டுப் பொறுக்குதுன்னா? 2013ல ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம்ல இருக்கிற உணவுக் கோளாறு ஆஸ்பத்திரியோட டாக்டரே வெளியில சொன்னாங்க, மாடலிங் ஸ்கவுட்டுங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பேஷண்ட் பொண்ணுங்களைப் பிடிக்கிறாங்கன்னு. அதுல ஒரு பொண்ணு நடக்கத் தெம்பில்லாம வீல்சேர்ல இருந்திருக்கா. அவகிட்டயும் கார்டை நீட்டியிருக்காங்க. நான் இதை ரெண்டு மூணு செய்தியில தேடிப் படிச்சு உறுதிப்படுத்திக்கிட்டேன், ஏன்னா முதல்ல நம்ப முடியல.

சட்டம் ஒண்ணும் பண்ணலையான்னா, பண்ணாங்க. லுய்செல் செத்த அடுத்த மாசமே, 2006 செப்டம்பர்ல, மாட்ரிட் ஃபேஷன் வீக்ல பிஎம்ஐ, அதாவது உயரத்துக்குத் தக்க எடை இருக்கான்னு பார்க்கிற நம்பர், 18க்குக் கீழ இருந்தா மேடை ஏறக்கூடாதுன்னாங்க. 1.75 மீட்டர் உயரத்துக்கு அது 55 கிலோ, லுய்செல் அதுக்குப் பதினோரு கிலோ கீழ இருந்தா. இஸ்ரேல் சட்டமே போட்டுச்சு, 2013ல இருந்து நடைமுறை, பிஎம்ஐ 18.5 இருக்கணும், போட்டோவுல ஒல்லியாக்கியிருந்தா விளம்பரத்துலயே சொல்லணும். பிரான்ஸ் 2017ல இருந்து டாக்டர் சர்டிஃபிகேட் கேட்குது, ரெண்டு வருஷம் வரைக்கும் செல்லும், மீறினா 75,000 யூரோ வரைக்கும் அபராதம், ஆறு மாசம் ஜெயில். அங்க முதல்ல பிஎம்ஐ நம்பரே போடலாம்னுதான் யோசிச்சாங்க, அப்புறம் டாக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டாங்க. அது சரின்னுதான் எனக்கும் படுது, ஏன்னா இயல்பாவே ஒடிசலா இருக்கிற பதினாறு வயசுப் பொண்ணு 17.5ல நல்லாவே இருப்பா, தினமும் வாந்தி எடுக்கிற பொண்ணு 20ல இருப்பா. எடை பார்க்கிற நாள்ல மூணு லிட்டர் தண்ணியைக் குடிச்சுட்டு வந்து நிக்கிறது உணவுக் கோளாறு வார்டு நர்ஸுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச தந்திரம்.

எல்லாம் பொண்ணை நிறுத்தி வெச்சு அளக்கிற சட்டங்களா இருக்கு, கவனிச்சீங்களா. மேடை வாசல்ல நின்னு 'நீ ரொம்ப ஒல்லி, வெளிய போ'ன்னா அவளுக்கு அன்னைக்குக் கூலி போச்சு, உள்ள தொங்கற துணியோட அளவு அப்படியேதான் இருக்கு. துணியைத் தொட்டதுன்னு பார்த்தா 2017 செப்டம்பர்ல எல்விஎம்ஹெச், கெரிங்ங்கிற ரெண்டு பெரிய கம்பெனிங்க சேர்ந்து போட்ட ஒப்பந்தம். டியோர், லூயி விட்டான், குச்சி, சான் லோரான் எல்லாம் இவங்களுக்குக் கீழதான். பிரெஞ்சு சைஸ் 32ல பொண்ணுங்களுக்கு சாம்பிள் வேண்டாம், 34ல இருந்துதான்னு அதுல எழுதினாங்க, பதினாறு வயசுக்குக் கீழ பெரியவங்க துணிக்கு மாடலா வேண்டாம்னும் இருக்கு. 34ன்னா ஏதோ பெரிய சைஸ்னு நினைச்சுடாதீங்க, அதுவும் வத்தல்தான். ஆனா நான் பார்த்த வரைக்கும் நோய் எங்க இருக்குன்னு தெரிஞ்சு கை வெச்ச ஒரே இடம் அது. பேட்டர்ன்ல ஒரு சைஸ் ஏத்தறது எவ்வளவு நேர வேலைன்னு எனக்குத் தெரியும், கம்ப்யூட்டர்ல ஒரு மதியம் போதும். அந்த ஒரு மதிய வேலைக்கு 2006ல இருந்து 2017 வரைக்கும் ஆகியிருக்கு.

பயமுறுத்தியும் பார்த்தாங்க. இசபெல் காரோன்னு பிரெஞ்சுப் பொண்ணு, பதிமூணு வயசுல இருந்து அனோரெக்ஸியா, ஒரு கட்டத்துல 25 கிலோவுக்கு இறங்கியிருக்கா. 2007 மிலன் ஃபேஷன் வீக் சமயத்துல ஒலிவியேரோ டோஸ்கானி அவளை உடையில்லாம படம் எடுத்து அனோரெக்ஸியா வேண்டாம்னு ஊரெல்லாம் போர்டு வெச்சார், பின்னாடி ஒரு துணி பிராண்டோட காசு. பார்த்தவங்க அதிர்ச்சியாகி ஒல்லி மோகம் தீரும்னு கணக்கு. அந்த நோய் இருக்கிற பொண்ணுங்க அந்தப் படத்தைப் பார்த்து நாமளும் இப்படி ஆகணும்னுதான் நினைப்பாங்கன்னு இதுல வேலை பண்றவங்க அப்பவே எச்சரிச்சாங்க, இத்தாலியில விளம்பரத்தைத் தடையும் பண்ணாங்க. இசபெல் 2010 நவம்பர்ல இறந்துட்டா, 28 வயசு. அந்தப் போர்டால யாருக்கு லாபம்னா பேரு கிடைச்ச பிராண்டுக்கும் போட்டோகிராஃபருக்கும்தான்னு எனக்குத் தோணுது, கோபமா இருந்தா மன்னிச்சுக்கங்க.

சாப்பிட்டுட்டு வேலையை விட்டுட்டு ஊருக்குப் போக வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அங்கதான் கடன் வருது. வெளியூர்ல இருந்து, வேற நாட்ல இருந்து வர்ற பொண்ணுக்கு டிக்கெட், விசா, முதல் போட்டோக்கள், ஃபிளாட் வாடகை எல்லாம் ஏஜென்சி முன்பணமா போடும், அவ சம்பளத்துல இருந்து பிடிச்சுக்கும். நியூயார்க்ல, மிலன்ல மாடல் ஃபிளாட்னா ஒரு ரூமுக்குள்ள பங்க் பெட் போட்டு ஆறேழு பேரு, ஆளுக்கு ஆள் வாடகை. வேலை கிடைக்கலைன்னா கடன் ஏறிட்டே போகும், வேலை கிடைக்கணும்னா டேப்ல அரை இன்ச் குறையணும். இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம பக்கத்து ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்கள்தான் ஞாபகம் வந்துச்சு, சுமங்கலி திட்டம்னு சொல்லி மூணு வருஷம் உள்ள இரு, முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமா பணம்னு வயசுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து, நடுவுல போனா அந்தப் பணம் போச்சுன்னு வெச்சிருந்தாங்களே. நடுவுல கிளம்பினா இழப்புன்னு ஒரு கணக்கைக் கட்டிட்டா பூட்டு எதுக்கு.

அமெரிக்காவுல சாரா ஜிஃப்ங்கிற முன்னாள் மாடல் 2012ல மாடல் அலையன்ஸ்னு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அவங்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 85 பெண் மாடல்கள்கிட்ட கேட்ட ஆய்வு 2017ல வந்துச்சு. எடையைக் குறை, உடம்பு வடிவத்தை மாத்துன்னு ஏஜென்சியோ தொழில்ல இருக்கிற வேற யாரோ சொன்னதா 62 சதவீதம் பேரு சொன்னாங்க. குறைக்கலைன்னா வேலையே கிடைக்காதுன்னு கேட்டவங்க பாதிக்கு மேல. சின்ன ஆய்வுதான், ஆனா பொண்ணு தானா கண்ணாடி பார்த்து முடிவு பண்றான்னு சொல்றவங்களுக்கு இது போதும்.

இந்தப் படமெல்லாம் நமக்கும் வருதே, அதனால நாம என்ன ஆகறோம்னு கேட்டா, ஃபிஜித் தீவுல நடந்ததைச் சொல்றேன். அங்க குண்டா இருக்கிறது நல்லா வாழற வீட்டு அடையாளம், இளைச்சா 'என்ன ஆச்சு, கவனிக்க ஆள் இல்லையா'ன்னு பதறுவாங்க, நம்ம பாட்டிங்க மாதிரியே. 1995ல மேற்கு ஃபிஜியில ஒரு பகுதிக்கு டிவி வந்துச்சு. ஆன் பெக்கர்ங்கிற ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் டிவி வந்த புதுசுலயும் மூணு வருஷம் கழிச்சும் ஸ்கூல் பொண்ணுங்ககிட்ட கேட்டாங்க. எடை குறைக்க வாந்தி எடுக்கிறவங்க முதல் தடவை ஒருத்தர்கூட இல்ல, 1998ல 11.3 சதவீதம். மூணே வருஷம், அதுவும் வெறும் டிவி, கையில போன் இல்ல.

நம்ம ஊர்ல கரீனா கபூர் 2008ல டஷன் படத்துக்கு இளைச்சப்பதான் சைஸ் ஜீரோங்கிற பேச்சு காலேஜ் ஹாஸ்டல் வரைக்கும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒல்லியா இருந்தா 'வீட்ல சோறு போடறாங்களா இல்லையா'ன்னு கேட்ட அதே வாய், இப்ப கொஞ்சம் பூசினாப்ல இருந்தா 'மாப்பிள்ளை எப்படி கிடைக்கும்'னு கேட்குது. ரெண்டு கேள்வியையும் ஒரே கல்யாண வீட்ல ஒரே அத்தை ரெண்டு பொண்ணுங்ககிட்ட கேட்டதை நான் பார்த்திருக்கேன். பசங்களுக்கும் இது உண்டு, அவங்களுக்கு சிக்ஸ் பேக்னு பேரு, டாக்டர்கிட்ட வர்றது இன்னும் கம்மி.

நடுவுல கொஞ்ச வருஷம் எல்லா உடம்பும் அழகுதான்னு போஸ்டர் அடிச்சாங்க, பிளஸ் சைஸ் பொண்ணுங்க ஷோவுக்கு ஒருத்தர் ரெண்டு பேரு நடந்தாங்க. எடை குறைக்கிற ஊசி வந்துச்சு, ஓசெம்பிக் அது இதுன்னு, போஸ்டர் கிழிஞ்சுது. 2025 பிப்ரவரி, மார்ச்ல நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் நாலு ஊர் ஷோவையும் வோக் பிசினஸ் எண்ணிப் பார்த்தாங்க, 8,703 டிரஸ், அதுல 97.7 சதவீதம் அமெரிக்க சைஸ் பூஜ்யத்துல இருந்து 4க்குள்ள. அதே வருஷம் பிரிட்டன்ல விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பு நெக்ஸ்ட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், ஜாரா விளம்பரங்களை வரிசையா நிறுத்துச்சு, மாடல் ஆரோக்கியம் இல்லாத அளவுக்கு ஒல்லியா தெரியறாங்கன்னு. இதெல்லாம் கோடிக்கணக்கான பேரு போடற துணி, பாரிஸ் மேடையில மட்டும் தொங்கற துணி இல்ல.

இந்த பையர்ங்க நம்ம ஊருக்கு வந்தா எப்படி வருவாங்கன்னு திருப்பூர்க்காரங்களுக்குத் தெரியும். எஸ்ஏ 8000, பிஎஸ்சிஐ, செடெக்ஸ்னு, தொழிலாளிங்களை எப்படி நடத்தறோம்னு பார்க்கிற ஆடிட் மேல ஆடிட். ஒவ்வொரு தொழிலாளியோட வயசு ஆதாரம் ஃபைல்ல இருக்கணும், சந்தேகம் வந்தா தனியா கூப்பிட்டுக் கேட்பாங்க. ஓவர்டைம் எத்தனை மணி நேரம், கேன்டீன்ல கொசுவலை அடிச்சிருக்கா, குடிதண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் எங்க, ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல மருந்து தேதி தாண்டலையே, எல்லாம் கேட்பாங்க. வேணும்தான், நான் குறை சொல்லல, அந்த ஆடிட் வந்ததால எங்க டாய்லெட் சுத்தமாச்சு. அதே துணியை மேடையில போட்டு நடக்கிற பொண்ணுக்கு இதுல நாலுல ஒரு பங்கு ஆடிட்டாவது உண்டான்னு தேடினேன். நிறைய இடங்கள்ல அவ தொழிலாளியே இல்ல, சுயதொழில் பண்றவன்னு கணக்கு, அதனால தொழிலாளிக்கு இருக்கிற சட்டம் பெரும்பாலும் அவளைத் தொடாது.

நியூயார்க்ல அதை மாத்தத்தான் ஃபேஷன் வொர்க்கர்ஸ் ஆக்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. மாடல் அலையன்ஸ் வருஷக்கணக்கா முட்டி மோதி 2024 டிசம்பர்ல கவர்னர் கையெழுத்து போட்டு, 2025 ஜூன் 19ல நடைமுறைக்கு வந்துச்சு. ஏஜென்சி 20 சதவீதத்துக்கு மேல கமிஷன் எடுக்கக்கூடாது, முன்கூட்டி டெபாசிட் வாங்கக்கூடாது, ஏஐல அவ உருவத்தைப் பண்றதுக்குத் தனியா சம்மதம் வாங்கணும். இன்னொரு விதி, எட்டு மணி நேரத்துக்கு மேல வேலைன்னா குறைஞ்சது அரை மணி நேரம் சாப்பாட்டு பிரேக். நம்ம ஃபேக்டரீஸ் ஆக்ட்ல அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேர ஓய்வுன்னு எழுதினது 1948ல. பதினாலு முடிஞ்சு பதினெட்டு ஆகாத பிள்ளை மில்லுக்குள்ள வரணும்னா சர்ஜன் பார்த்து ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்கணும்னு எழுதினதும் அதுலதான். நம்ம ஊர்ல அதையெல்லாம் எத்தனை பேரு ஒழுங்கா கடைப்பிடிச்சாங்கங்கறது தனிக்கதை, ஆனா தைக்கிறவளுக்கு சாப்பாட்டு நேரம் எழுத்துல வந்து எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, நியூயார்க்ல போட்டு நடக்கிறவளுக்கு இப்பதான் வருது.